டவர் ஸ்பீக்கருக்கும் ‘ஸ்மால்’தான்: சப்வூஃபரைச் சேர்த்து உட்காரவைப்பது எப்படி

வேலூர் பக்கம் புதுசாக வீடு கட்டுகிறவர்கள் ஹாலுக்கு டவர் ஸ்பீக்கர் வாங்கி வைப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. மூணரை அடி உயரம், ஒவ்வொன்றிலும் ஆறரை இன்ச் வூஃபர் இரண்டு, கூடவே ஆழ்ந்த ஒலியை மட்டும் பாடும் 10 அல்லது 12 இன்ச் சப்வூஃபர் ஒன்று. எல்லாம் மாட்டி முடித்தபின் வருகிற புகார் மட்டும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். படத்தில் வெடிச்சத்தம் அதிருகிறது, பாட்டில் தவிலும் மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் காணாமல் போகின்றன. இல்லாவிட்டால் எந்தப் பாட்டைப் போட்டாலும் பாஸ், அதாவது அந்த ஆழ்ந்த ஒலி, ஒரே ஸ்வரத்தில் ‘கும்’ என்று நிற்கிறது. பொருளில் குறை இருப்பது அபூர்வம். எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ரிசீவரின் மெனுவில் ஒரு வரியும், சப்வூஃபர் நிற்கும் இடமும்தான் முக்கால்வாசி காரணம்.

முதலில் அந்த மெனு வரி: ஸ்பீக்கர் ‘லார்ஜ்’ஆ, ‘ஸ்மால்’ஆ என்பது. லார்ஜ் என்று போட்டால் அந்த ஸ்பீக்கருக்கு முழு சிக்னலும் போகும், அதன் பாஸில் துளிகூட சப்வூஃபருக்குத் திருப்பிவிடப்படாது. ஸ்மால் என்று போட்டால் கிராஸோவர், அதாவது கைமாற்றம் நடக்கும் அலைவரிசைக்குக் கீழே உள்ளதெல்லாம் சப்வூஃபருக்குப் போகும். பெட்டியின் உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லார்ஜ் போட்டு ஸ்டீரியோ பாட்டு கேட்கும்போது சப்வூஃபர் சும்மா உட்கார்ந்திருக்கும். படத்தில் பாஸுக்கென்றே தனியாகப் பதிந்த எல்எஃப்இ தடம் வந்தால்தான் அதற்கு வேலை. மேலே சொன்ன முதல் புகாருக்குக் காரணம் இதுதான்.

“இவ்வளவு பெரிய ஸ்பீக்கருக்கா ஸ்மால்?” என்று மனசு கேட்கும். கணக்கைப் பாருங்கள். ஆறரை இன்ச் வூஃபரில் அசையும் கோன் ஒன்றின் பரப்பு சுமார் 135 சதுர சென்டிமீட்டர். இரண்டு டவரிலும் உள்ள நாலு கோனும் சேர்ந்தால்தான் 12 இன்ச் கோன் ஒன்றைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் சப்வூஃபர் கோன் முன்னும் பின்னும் போகும் தூரம் இவற்றைப்போல இரண்டு மூன்று மடங்கு. ஒரு ஆக்டேவ் கீழே இறங்கினால், அதாவது ஹெர்ட்ஸ் பாதியானால், அதே சத்தத்துக்கு நாலு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 50 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் அசைந்த கோன் 25 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டர் அசைய வேண்டும். போர்ட் (காற்று போய்வரும் குழாய்த் துளை) வைத்த பெட்டி என்றால் இன்னும் மோசம். போர்ட் ட்யூன் ஆன அலைவரிசைக்குக் கீழே பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனைப் பிடித்துக்கொள்வதில்லை, அதனால் சத்தம் வராமலே கோன் மட்டும் எகிறும். அதே கோன்தான் பல டவர்களில் ஆண் குரலின் அடிப்பகுதியையும் பாடுகிறது. பாஸுக்காக அது தாவும்போது குரல் கலங்கும். ரிசீவரின் கதையும் அதேதான்: 10 டெசிபல் கூட்ட 10 மடங்கு பவர் வேண்டும், அதில் பெரும்பங்கை பாஸே தின்றுவிடும். அந்த வேலையைத் தனி ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கும் சப்வூஃபரிடம் தள்ளிவிட்டால் ரிசீவரும் சூடாகாது, டவரும் தெளிவாகப் பாடும்.

சுவரும் இதில் சேர்ந்துகொள்கிறது. இதை ரொம்பப் பேர் பேசுவதில்லை. டவரின் முகப்புக்கும் பின்சுவருக்கும் மூணரை அடி என்று வைத்துக்கொள்வோம். பாஸ் ஒலி, பெட்டியைச் சுற்றிப் பின்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும்போது 7 அடி அதிகமாகப் பயணம் செய்திருக்கும். 80 ஹெர்ட்ஸின் அலைநீளம் 14 அடி. பாதி அலை தாமதமாக வந்தது நேராக வந்ததை அடித்துவிடும், அங்கே ஒரு குழி விழும். 281-ஐ முகப்பின் தூரத்தால் (அடியில்) வகுத்தால் குழி விழும் ஹெர்ட்ஸ் கிடைக்கும். எவ்வளவு விலை கொடுத்த ஸ்பீக்கரும் இதிலிருந்து தப்பாது, அலைவரிசை வாரியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசராலும் நிரப்ப முடியாது. சப்வூஃபரோ சுவரை ஒட்டி நிற்கிறது. அதன் கோன் சுவரிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருந்தால் குழி 180 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும், சப்வூஃபர் அவ்வளவு மேலே பாடுவதே இல்லை. ஆகவே டவரின் குழி 80-க்குப் பக்கத்தில் விழுந்தால் கிராஸோவரை 90 அல்லது 100-க்கு ஏற்றிப் பாருங்கள். பலருக்கு இது ஒன்றே போதும்.

மற்றபடி 80 ஹெர்ட்ஸில் ஆரம்பிப்பது நல்லது. தியேட்டர் ஒலிக்குத் தரம் வகுக்கும் டிஎச்எக்ஸ் நிர்ணயித்த அளவும் அதுவே. சப்வூஃபர் உங்கள் பக்கத்தில் நின்று, சத்தம் அந்தப் பெட்டியிலிருந்து வருவது தனியாகத் தெரிகிறது என்றால் 60-க்கு இறக்கலாம். 40-க்கு இறக்காதீர்கள். கிராஸோவர் கத்தி மாதிரி வெட்டாது. ஸ்பீக்கர் பக்கம் பெரும்பாலும் ஆக்டேவுக்கு 12 டெசிபல்தான் சரியும். 40 போட்டால் டவர் தன் கடைசி மூச்சில் பாடும் இடத்தில் கைமாற்றம் நடக்கும். ‘எல்பிஎஃப் ஃபார் எல்எஃப்இ’ என்று தனியாக ஒரு வரி இருக்கும், அது வேறு விஷயம். எல்எஃப்இ தடம் 120 ஹெர்ட்ஸ் வரை போகும். அதை 120-லேயே விட்டுவிடுங்கள்.

டெனான், மரான்ட்ஸில் ‘எல்எஃப்இ + மெயின்’, ஆன்கியோவில் ‘டபுள் பாஸ்’, யமஹாவில் ‘எக்ஸ்ட்ரா பாஸ்’ என்று ஒரு வசதி உண்டு. டவரை லார்ஜிலேயே விட்டு, அதே பாஸின் நகல் ஒன்றை சப்வூஃபருக்கும் அனுப்பும். கேட்க நல்ல ஏற்பாடு மாதிரித் தோன்றும். நடப்பது என்னவென்றால், ஒரே ஸ்வரம் மூன்று இடத்திலிருந்து மூன்று நேரத்தில் வந்து, சோபாவில் சில அலைவரிசை வீங்கும், சில செத்துப்போகும். அணைத்துவிடுங்கள்.

எங்கே வைப்பது

யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் காட்டும் அறை நம் அறை இல்லை. அங்கே பல வீடுகளில் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர். பாஸில் ஒரு பங்கு சுவரைத் தாண்டி வெளியே போகும், ஒரு பங்கைச் சுவரே வளைந்து கொடுத்து உறிஞ்சும். சத்துவாச்சாரியிலோ காந்தி நகரிலோ பாகாயத்திலோ கட்டுவது ஒன்பது இன்ச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், கீழே விட்ரிஃபைட் டைல்ஸ். உள்ளே வந்த பாஸ் உள்ளேயே சுற்றும். இதில் லாபமும் உண்டு. அறையின் முதல் மோடுக்கு (சுவர்களுக்கு நடுவே அலை மோதி நின்று முழங்கும் அலைவரிசைக்கு) கீழே, அடைத்த அறை பாஸைத் தானே தூக்கிக்கொடுக்கும். அதனால் போர்ட் இல்லாத சீல்டு சப்வூஃபர்கூட நம் வீட்டில் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இறங்கும். கதவு ஜன்னலைத் திறந்துவைத்தால் அந்த லாபம் குறையும். நஷ்டம் என்னவென்றால், மோடுகள் கூர்மையாக நின்று வெகுநேரம் முழங்கும். ‘கும்’ என்ற அந்த ஒற்றை ஸ்வரம் அங்கிருந்து வருவதுதான்.

உங்கள் ஹாலின் மோடு தெரிய 565-ஐ அடியால் வகுங்கள். 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் என்றால் 35, 47, 56 ஹெர்ட்ஸ். நீளத்தின் இரண்டாவது மோடு 70. ஒவ்வொரு மோடும் சுவரை ஒட்டி உச்சத்தில் இருக்கும். முதல் மோடு நட்ட நடுவில் பூஜ்யம். சோபாவைப் பின்சுவரில் ஒட்டிப் போட்டால் எல்லா மோடும் உங்கள் தலையில்தான் இறங்கும். நடுவில், 8 அடியில் போட்டால் 35 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். பின்சுவரிலிருந்து 6 அடி வாக்கில், அதாவது நீளத்தில் 38 சதவீதத்தில் உட்கார்ந்தால் ஓரளவு சமமாகக் கிடைக்கும். நடைபாதையில் சோபாவா என்று வீட்டில் கேட்பார்கள். 2 அடி முன்னே இழுக்க அனுமதி கிடைத்தாலும் வித்தியாசம் தெரியும். 12-க்கு 12 சதுர அறை என்றால் நீளம், அகலம் இரண்டின் மோடும் 47-லேயே குவியும். அங்கே இடம் தேர்ந்தெடுப்பதில் இன்னும் பொறுமை வேண்டும்.

இடம் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது, இன்னும் அதைவிட மலிவான வழி வரவில்லை. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்து, 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஸ்வீப் ஒன்றை ஓடவிடுங்கள். பிறகு சப்வூஃபர் வைக்கச் சாத்தியமான இடங்களிலெல்லாம் தரையோடு காதை வைத்துத் தவழ்ந்து கேளுங்கள். எங்கே எல்லா ஸ்வரமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை நகர்த்துங்கள். அதிகச் சத்தம் கேட்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் மூலையாக இருக்கும். மூலையில் எல்லா மோடும் கிளம்பும். ஆனால் ரிசீவரில் சப்வூஃபருக்கு ஈக்வலைசர் இருந்தால் மூலையும் மோசமில்லை, மேட்டை வெட்டலாம். குழியைத்தான் நிரப்ப முடியாது. 6 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் நாலு மடங்கு உழைக்கும், குழி அப்படியே இருக்கும்.

திரைச்சீலையும் கார்ப்பெட்டும் இதற்கு உதவாது. 40 ஹெர்ட்ஸின் அலைநீளம் 28 அடி, அதை அரை இன்ச் துணி என்ன செய்யும்? இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் 100-க்கு மேலே கொஞ்சம் பலன் உண்டு. பணம் இருந்தால் மெத்தையைவிட இரண்டாவது சப்வூஃபர் நல்ல முதலீடு. ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்டி செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு, எதிரெதிர் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று வைத்தாலே இருக்கைக்கு இருக்கை வரும் பாஸ் வித்தியாசம் நன்றாகக் குறைகிறது என்று காட்டியது. பெரிதாக ஒன்று வாங்குவதைவிடச் சுமாரானது இரண்டு மேல்.

இணைப்பும் அளவும்

ரிசீவரின் சப் அவுட்டிலிருந்து ஒரே ஒரு ஆர்சிஏ கேபிள் போதும். இருமுனையிலும் ஆர்சிஏ பின் போட்ட ஆர்ஜி6 கோஆக்ஸியல் கேபிளே நன்றாக வேலை செய்யும். கட்டும்போதே பைப் பதிக்கிறவர்கள் கரண்ட் ஒயர் போகும் பைப்பில் இதையும் சேர்த்து இழுக்காமல், தனி பைப் போடச் சொல்லுங்கள். சப்வூஃபரில் எல்எஃப்இ என்று எழுதிய இன்புட் இருந்தால் அதில் செருகுங்கள். இல்லையென்றால் லெஃப்ட் இன்புட்டில் செருகி, பின்னால் உள்ள கிராஸோவர் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள். ரிசீவர் 80-இல் வெட்டியதை சப்வூஃபர் மறுபடி 80-இல் வெட்டினால் கைமாற்றம் நடக்கும் இடத்தில் பள்ளம் விழும். இந்தக் குமிழைப் பாதியில் விட்டுவிட்டு, சப்வூஃபர் சரியில்லை என்று கடையில் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

சப்வூஃபரின் கெயின் (சத்தம்) குமிழைப் பாதிக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். ரிசீவரின் டெஸ்ட் டோனைப் போட்டு, சவுண்ட் லெவல் மீட்டரில் ‘சி’ வெயிட்டிங், ‘ஸ்லோ’ வைத்து, காது உயரத்தில் பிடித்து, டவர் 75 டெசிபல், சப்வூஃபர் 75 டெசிபல் என்று சமன் செய்யுங்கள். மீட்டர் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். போன் ஆப் டவருக்குப் பரவாயில்லை. பாஸை நம்பிப் பார்க்காதீர்கள், பல போன்களின் மைக் பேச்சுக்காகவே கீழ்ப்பகுதியை வெட்டிவிடும். ஆப் குறைவாகக் காட்டுகிறதே என்று சப்வூஃபரை ஏற்றிக்கொண்டே போனால் வீடு அதிரும்.

அடுத்தது ஃபேஸ். நேரம் ஒதுக்க வேண்டிய இடம் இது, இரண்டு பேர் வேலை. 80 ஹெர்ட்ஸ் டோனை மிதமான சத்தத்தில், டவரும் சப்வூஃபரும் சேர்ந்து பாடும்படி ஓடவிட்டு ஒருவர் சோபாவில் உட்காருங்கள். இன்னொருவர் சப்வூஃபர் பின்னால் உள்ள ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றி மாற்றிப் போடட்டும். எதில் சத்தம் கூடுகிறதோ அதுவே சரி. கூடினால் இரண்டும் ஒன்றாகத் தள்ளுகின்றன என்று பொருள், குறைந்தால் ஒன்றை ஒன்று இழுக்கின்றன. இரண்டிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றால் 90 டிகிரி விலகி நிற்கிறது. அப்போது மெனுவில் சப்வூஃபர் தூரத்தை ஒவ்வொரு அடியாக மாற்றிக் கேளுங்கள். ஒரு அடி என்பது 80 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 26 டிகிரி, 7 அடி மாற்றினால் முழுசாகத் தலைகீழ். சத்தம் உச்சத்துக்கு வரும் அடியில் நிறுத்துங்கள். இங்கே ஒரு குழப்பம் வரும்: டேப் வைத்து அளந்தால் 11 அடி, ரிசீவர் தானாக அளந்து 16 என்று காட்டும். அது தப்பில்லை. சப்வூஃபருக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் சில மில்லிசெகண்ட் தாமதிப்பதைத்தான் தூரமாகக் காட்டுகிறது. டேப் அளவைப் போட்டுத் ‘திருத்தி’விடாதீர்கள்.

ஆடிஸி போன்ற தானியங்கி காலிப்ரேஷன் (ரிசீவரே மைக் வைத்து அறையை அளந்து சரிசெய்வது) இருந்தால் மைக்கை ட்ரைபாடில் காது உயரத்தில் வையுங்கள், சோபா மெத்தைமேல் வேண்டாம். ஃபேன், ஏசி இரண்டையும் அணைக்க வேண்டும். ஃபேன் காற்று மைக்கில் பட்டால் கீழ் அலைவரிசை அளவு முழுக்கக் கெடும். கத்திரி வெயில் காலத்தில் பகல் 2 மணிக்கு வேலூரில் ஃபேன் இல்லாமல் எட்டு இடத்தில் மைக் மாற்றி வைப்பது தண்டனை. விடியற்காலையில் செய்யுங்கள். சத்துவாச்சாரியில் பெங்களூர் ஹைவேயை ஒட்டிய வீடு, காட்பாடி ஜங்ஷனை ஒட்டிய வீடு என்றால் லாரியோ ரயிலோ போகும் நேரத்தில் எடுத்த அளவைத் தள்ளிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

முடிந்ததும் மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். டவரை லார்ஜ் என்று போட்டிருக்க நிறைய வாய்ப்பு. ஸ்மால், 80 என்று மாற்றுங்கள். காலிப்ரேஷன் சொன்ன கிராஸோவரை ஏற்றலாம், இறக்கக் கூடாது. அதற்குக் கீழே அந்த ஸ்பீக்கருக்குத் திருத்தம் எதுவும் செய்யப்பட்டிருக்காது. சப்வூஃபர் லெவல் மைனஸ் 12 என்று அடிமட்டத்தில் முட்டி நின்றால் கெயின் அதிகம் என்று அர்த்தம். குமிழைக் குறைத்து மறுபடி ஓடவிடுங்கள். மைனஸ் 3-க்கும் மைனஸ் 8-க்கும் நடுவில் வந்தால் நல்லது. அதன்பின் சுவைக்கு 3 டெசிபல் ஏற்றிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் ப்யூர் டைரக்ட் பொத்தானை அழுத்திவிட்டு பாஸ் எங்கே என்று தேடாதீர்கள், பல ரிசீவர்களில் அது இத்தனை வேலையையும் சுற்றிக்கொண்டு போய்விடும்.

ரிசீவர் இல்லை, பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்தான் என்றால் கதை மாறும். டவர் முழுசாகவே பாடும், அதைத் தடுக்க முடியாது. சப்வூஃபரின் ஹை லெவல் இன்புட்டுக்கு ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்தே ஒயர் இழுத்து, சப்வூஃபர் குமிழை 40, 50 ஹெர்ட்ஸில், டவர் தானாகச் சரியும் இடத்தில் வையுங்கள். ஃபேஸ் சோதனையை 80-க்குப் பதில் அந்த அலைவரிசையில் செய்ய வேண்டும். டவரின் போர்ட்டை ஸ்பாஞ்ச் வைத்து அடைத்தால் சரிவு மென்மையாகி இரண்டும் சுலபமாக ஒட்டும். ஆம்ப்ளிஃபயர் பிரிட்ஜ் வகை கிளாஸ் டி (நெகடிவ் முனையிலும் சிக்னல் ஓடும் வகை) என்றால் நெகடிவ் ஒயரைக் கிரவுண்டில் சேர்க்கக் கூடாது, ஆம்ப்ளிஃபயர் போய்விடும்.

இரைச்சலும் கடகடப்பும்

பாஸ் சரியானதும் அதுவரை மறைந்திருந்த கடகடப்பெல்லாம் வெளியே வரும். 20-லிருந்து 80 வரை மெதுவான ஸ்வீப் போட்டுவிட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். பீரோ கதவு, ஷோகேஸ் கண்ணாடி, பரணில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரம், பூஜை அறை மணி, ஸ்விட்ச் போர்டு மூடி, ஏசியின் காற்று மடிப்பு: ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்வரம் இருக்கும். கண்ணாடிக்கு ஃபெல்ட் துண்டு, போர்டுக்கு ஸ்க்ரூ முறுக்கு. டைல்ஸ் தரையில் சப்வூஃபர் நகராமல் இருக்க ஸ்பைக்குக்குப் பதில் ரப்பர் கால் போடுங்கள். மாடியில் குடியிருந்தால் தளத்தில் இறங்கும் அதிர்வையும் அது கொஞ்சம் குறைக்கும். கொசப்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் காற்றில் போகும் பாஸை ரப்பரால் நிறுத்த முடியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் சப்வூஃபர் லெவலைக் குறைப்பதுதான் வழி.

எதுவும் ஓடாதபோதே ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் முதலில் சப்வூஃபரிலிருந்து ஆர்சிஏ கேபிளைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இரண்டு வழியில் இணைந்து வரும் இரைச்சல். அடுத்து செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் அல்லது டிஷ் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அப்போது நின்றால் குற்றவாளி அந்த ஒயர்தான், அதற்கு ஐசோலேட்டர் போடலாம். இல்லையென்றால் டிவி, ரிசீவர், சப்வூஃபர் மூன்றையும் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுங்கள். எர்த் பின்னை வெட்டிவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று சொல்கிற எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள், சப்வூஃபரின் உலோகப் பலகையில் ஷாக் அடிக்கலாம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வீட்டு எர்த்திங்கையே பார்க்க வேண்டும். கோடையில் எர்த் குழி காய்ந்துபோய் இப்படி ஆவதுண்டு, தண்ணீர் ஊற்றி மறுநாள் அளந்து பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைச்சல் வருகிறது என்றால் அது பெரும்பாலும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். சப்வூஃபரை அந்த லைனிலிருந்து எடுத்துவிடுங்கள்.